எடுக்காத சீட்டு

அன்பு மகனே,

உன் கடிதம் வியாழக்கிழமை பகல் வந்தது. அப்பாதான் வாசலில் வாங்கினார். உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொடியன் இவ்வளவு மொத்தமா எழுத மாட்டானே" என்று என்னிடம் நீட்டினார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். ஒரு கப்பலின் சமையலறையில் உனக்கு வேலை வந்திருக்கிறது, பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், போனால் ஒன்பது மாதம் கடலிலேயே இருக்க வேண்டும், இவ்வளவும் விளங்கியது. கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். "எனக்கு முடிவெடுக்க ஏலாது அம்மா. நீங்க சீட்டுப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க. என்ன வந்தாலும் தேவ சித்தம் எண்டு எடுத்துக்குவன். ஆரை வேணுமெண்டாலும் சீட்டு எடுக்கச் சொல்லுங்க, என்னை மட்டும் கூப்பிடாதீங்க" என்று எழுதியிருந்தாய். இருபது வயது, ஆறடி உயரம், கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் ஐம்பது பேருக்குத் தனியாகச் சமைக்கிற பிள்ளை. அவனுக்கு வழி சொல்ல ஒரு கடதாசித் துண்டு தேவைப்படுகிறது. அந்தப் பழக்கத்தை உனக்குப் பழக்கியவள் நான். ஆகவே தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேன். தொலைபேசியில் என்றால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "பரவாயில்லம்மா" என்று வைத்துவிடுவாய்.

நம் வீட்டில் சீட்டுப் போடும் விதம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் என் பிழை அந்த வழக்கத்துக்குள்தான் ஒளிந்திருந்தது. ஒரே கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு கடதாசித் துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வழி. நாலாக மடித்துப் பெரிய வேதப்புத்தகத்துக்குள் வைத்து, எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்து, வீட்டில் இளையவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எடுத்ததை உரத்து வாசிப்போம். எடுக்காததை யாரும் திறக்கக் கூடாது. அது அப்படியே வேதப்புத்தகத்துக்குள் கிடந்து, வருட முடிவில் அடுப்புக்குள் போகும். எடுக்காத சீட்டைப் பிரிப்பது கர்த்தரின் வேலையைச் சோதித்துப் பார்ப்பது போல என்று என் தகப்பன் எனக்குச் சொன்னார், நான் உனக்கும் அக்காவுக்கும் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வைத்தியர், கிணற்றை எந்த மூலையில் வெட்டுவது, எல்லாவற்றுக்கும் சீட்டு. வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது என்று கூட ஒரு முறை கடவுளைக் கூப்பிட்டோம். அவர் பச்சை என்று சொன்னார், அது பாசி பிடித்த மாதிரி இருந்தது, இருந்தும் ஏழு வருடம் மாற்றவில்லை.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை, என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து, நம் பகுதி வழக்கப்படி புளியந்தீவில் பெண்வீட்டுக்கே குடிவந்தவர். "எல்லாம் தலையெழுத்துப்படிதான் நடக்கும்" என்று அவர் வாய் தவறிச் சொன்னால் நான் விடமாட்டேன். "எங்களுக்குத் தலையெழுத்து எல்லாம் கிடையாது. தேவ சித்தம்" என்பேன். "அதுக்கும் இதுக்கும் என்னகா வித்தியாசம்?" என்பார். "தலையெழுத்துக்கு மனமில்ல. கர்த்தருக்கு மனமிருக்கு." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனமிருக்கிறவர் எழுதினா அது இன்னும் மோசம்தானே" என்பார். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் படிப்பித்தவள் நான். அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதானபோது படுவான்கரையில் ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், அப்பாவின் ஊருக்குக் கிட்ட. தாய் தகப்பன் இல்லாத நாற்பது பிள்ளைகள். தொண்டர் ஆசிரியையாக வந்து அங்கேயே தங்க வேண்டும். நவம்பரில் தொடங்க வேண்டும். அவள் சந்தோசத்தில் குதித்தாள். எனக்குப் பயம். அப்போது படுவான்கரை ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் கையில் இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் அவர்கள். சண்டை நிறுத்தம் என்று கடதாசியில் இருந்தது, ஆனால் இயக்கத்தார் இளம் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள். கிணற்றடியில் நின்ற பிள்ளையைக் கொண்டுபோன கதை, பெரிய பிள்ளையான மறுநாளே கொண்டுபோன கதை, எல்லாம் மண்முனைத் துறையில் பாதைப் படகு ஏறி வருகிறவர்கள் மூலம் எங்கள் வாசல் வரை வரும். "போக ஒண்ணா" என்று நான் சொன்னேன். அவள், "அம்மா, அங்க இரிக்கிற பிள்ளைகளுக்கும் அம்மாமார் இரிந்தவங்கதானே" என்றாள்.  வழி அடைபட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். "கர்த்தர்ட விட்டிருவம் மகள். சீட்டுப் போடுவம்" என்றேன்.

ஒரு துண்டில் படுவான்கரை, மற்றத் துண்டில் எழுவான்கரை என்று எழுத வேண்டும். படுவான்கரை வந்தால் போவாள், எழுவான்கரை வந்தால் எங்களோடு இந்தக் கரையிலேயே இருப்பாள். மகனே, நான் இரண்டிலும் எழுவான்கரை என்று எழுதினேன்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பிப் போய்விட்டு வந்தேன். நீயும் கொஞ்சம் எழும்பி நட.

அன்று நீ எடுத்தாய். பதினைந்து வயது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விரலால் இரண்டு சீட்டையும் மாறி மாறித் தொட்டு, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாய். சீட்டுப் போடும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு இடிக்கும். அன்றைக்கு மட்டும் இடிக்கவே இல்லை. "எழுவான்கரை" என்று நீ வாசித்தாய், அக்காவின் முகம் ஒரு கணம் விழுந்தது, பிறகு "சரி" என்றாள். நீ அவளிடம் "ஸொறி அக்கா" என்றாய். நான் "ஆமென்" என்றேன். அந்த ஆமெனுக்காக என் நாக்கை அறுத்துப் போட வேண்டும் என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன்.

அதன் பிறகு ஆறு ஏழு கிழமை வீடு நன்றாகத்தான் இருந்தது. அவள் முகம் கோணவில்லை. அலுமாரியை ஒதுக்கினாள், பழைய றங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள், சின்னப் பிள்ளைகளுக்கான படங்களை மட்டையில் ஒட்டினாள். டிசம்பர் நத்தார்ப் பெருநாளுக்கு வீடு துப்புரவாக்குகிறாள் என்று நினைத்தேன். நத்தார் அன்று சாப்பாட்டு மேசையில், கடைசிக் கேக் துண்டு யாருக்கு என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தபோது, "சீட்டுப் போடுவமா?" என்று நீ கேட்டாய். "வேணாம் மனே. அம்மாட சீட்டு எப்பவும் அம்மாட பக்கம்தான் விழும்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மறுநாள் ஞாயிறு. கடற்கரையில் இருந்த சின்ன ஆலயத்தில் ஞாயிறு பள்ளிக்கூடம் எடுக்க, பிள்ளைகளுக்கு மிச்சக் கேக்கையும் கட்டிக்கொண்டு சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டிப் போனாள். ஒன்பது மணிக்குக் கடல் வந்தது. மூன்றாம் நாள் அப்பா அவளைக் கண்டுபிடித்தார். அதைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவும்போது நீ என்னைக் கேட்டாய். "நான் மற்றச் சீட்டை எடுத்திருந்தா அக்கா படுவான்கரைக்குப் போயிருப்பா, என்னம்மா? கடல் அங்க போகல்லதானே?" அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ என்னை வெறுத்திருப்பாய், ஆனால் உன்னை வெறுத்திருக்க மாட்டாய். நான் சொன்னது என்ன? "அது கர்த்தர் எடுத்த சீட்டு மனே. உலகம் உண்டாகும் முன்னமே எழுதினது. உன்ட கை வெறும் கை." ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய், உன் அக்காவைக் கொல்லக் கடவுள் உன் கையை இரவல் வாங்கினார் என்று சொன்னேன். வேறு எப்படி நீ அதைக் கேட்டிருப்பாய்?

அதற்குப் பிறகு உன் கையை நீ நம்பவில்லை. கடையில் இரண்டு சட்டையைக் காட்டினால் நீ என்னைப் பார்ப்பாய். கணிதமா கலையா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது கடதாசியை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாய். நீ கொழும்புக்குப் போனது கூட உன் சிநேகிதன் இழுத்துக்கொண்டு போனதால்தான். ஐந்து வருடமாக நான் இதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன்.

படுவான்கரையில் மறுபடி சண்டை தொடங்கியபோது, சனம் உடுத்த உடுப்போடு வாவியைக் கடந்து வந்து பள்ளிக்கூடங்களில் தங்கியது உனக்கு நினைவிருக்கும். சோற்றுப் பார்சல் கொண்டுபோன இடத்தில் அந்தச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளரைக் கண்டேன். வயதான மனுசி. நான் யார் என்று சொல்லாமல், "உங்கட இல்லத்துக்கு நவம்பரில ஒரு டீச்சர் வர இருந்ததாமே?" என்று கேட்டேன். "ஓம், மட்டக்களப்புப் பிள்ளை. வரல்ல. அதுக்குப் பதிலா வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒரு பொடிச்சி வந்தாள். போன மாசம் ஷெல் விழுந்து செத்துப் போனாள்" என்றார். மகனே, அந்த நிமிடம் என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அங்கே போயிருந்தாலும் செத்துத்தான் இருப்பாள், அப்படியென்றால் என்மேல் பிழை இல்லை என்று. இன்னொரு தாயின் பிள்ளை செத்த செய்தியில் நான் ஆறுதல் தேடினேன். சோற்றுப் பார்சலை அந்த மனுசியின் கையில் திணித்துவிட்டு வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சீட்டுக் கதையைச் சொல்லாமல், இந்தச் செய்தியை மட்டும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் சின்னப் பொடியனாகக் கரப்பு குத்தி மீன் பிடித்ததைச் சொன்னார். அடியில்லாத கூடை, மேலிருந்து அமுக்கினால் மீன் உள்ளே. "கரப்புக்குள்ள மீன் எந்தப் பக்கமும் ஓடலாம் கா. ஆரும் தடுக்கிறல்ல. ஆனா கரப்பு கரப்புத்தான்." "அப்ப கரப்பு குத்தினது ஆர்?" என்று நான் சீறினேன். அவர் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

அந்தக் கரப்புக்குள் நான் இன்னும் இருக்கிறேன். எல்லாம் முன்பே குறிக்கப்பட்டது என்றால் நான் பேனை பிடித்து எழுதிய பொய்யும் குறிக்கப்பட்டதுதான். பிறகு எதற்காக நான் மன்னிப்புக் கேட்பது? யாரிடம் கேட்பது? எதுவும் குறிக்கப்படவில்லை, எல்லாம் மனிதர் எடுக்கும் முடிவு என்றால், என் மகளை இந்தக் கரையில் பிடித்து வைத்தவள் நான். ஒரு கதவால் வெளியே போனால் கடவுள் கொடியவர் ஆகிறார், மற்றக் கதவால் போனால் நான் கொலைகாரி ஆகிறேன். நம் புதிய போதகரிடம், வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டுப் பார்த்தேன். நல்ல பிள்ளை, நிறையப் படித்தவர். "ரெண்டும் உண்மை அம்மா. மேலயிருந்து பாத்தா அவர்ட சித்தம், கீழயிருந்து பாத்தா எங்கட விருப்பம்" என்றார். "தம்பி, நான் கீழதான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போர் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளில் தெருவில் வெடி கொளுத்தினார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி நடக்க வேண்டியதில்லை, எந்தக் கரைக்கும் போகலாம் என்றார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் சும்மா இருந்தேன். சனிக்கிழமை காலை, அப்பா சந்தைக்குப் போன நேரம், மேசை லாச்சியிலிருந்து உன் பழைய கொப்பியை எடுத்து இரண்டு துண்டு கிழித்தேன். முதல் துண்டில் "இரு" என்று எழுதினேன். இரண்டாவதில் "போ" என்று எழுத வேண்டும். பேனையைக் கடதாசியில் வைத்தேன். அதிலும் "இரு" என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, எந்தச் சாத்தானும் காதில் ஓதவில்லை. கடலென்றால் எனக்குப் பயம், எனக்கு மிஞ்சியிருப்பது நீ ஒருவன், அவ்வளவுதான். ஐந்து வருடம் அழுதும் நான் திருந்தவில்லை என்று அந்த இரண்டு துண்டையும் பார்த்தபோது தெரிந்தது. ஆனாலும் மடித்தேன். அலுமாரிக்கு மேலிருந்து பெரிய வேதப்புத்தகத்தை இறக்கினேன். அக்கா போன பிறகு நான் சின்னதைத்தான் வாசிக்கிறேன், பெரியதை யாரும் தொட்டதில்லை. அந்த வருட முடிவில் சீட்டை எரிக்க வேண்டும் என்று யாருக்கு நினைவு வந்தது?

திறந்தேன். எடுக்காத சீட்டு அங்கேயே கிடந்தது. ஆனால் நான் நாலாக மடித்தது, அது இரண்டாக மடிந்து கிடந்தது. ஒரு பக்கம் என் எழுத்து: எழுவான்கரை. மறுபக்கம் பென்சிலில் அவள் எழுத்து.

"அம்மா, மற்றச் சீட்டையும் பாத்திட்டன். கோவம்தான். ஆனா நீங்க பயந்து பயந்து சாகிறதப் பாக்க ஏலாது. நத்தார் முடியுமட்டும் இரிக்கன். தை பிறந்தாப் போவன். அப்ப சீட்டுப் போட ஒண்ணா, சொல்லிட்டன்."

நிலத்தில் இருந்துவிட்டேன். அப்பா வந்து மீன்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பயந்துபோனார். அவரிடம் சீட்டைக் கொடுத்தேன், முழுக் கதையையும் சொன்னேன். அவர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி வாசித்தார். கத்துவார் என்று நினைத்தேன். "என்ட பிள்ளை கெட்டிக்காரி" என்றார். பிறகு சத்தம் போட்டு அழுதார். அவளைக் கண்டெடுத்த நாளில் கூட அவர் அப்படி அழவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாளாக அவர் என்னோடு பேசவில்லை. பேசுவார், ஆனால் எப்போது என்று தெரியாது.

மகனே, முதலில் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்று நீ எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் எழுவான்கரைதான் வந்திருக்கும். உன் கை எதையும் தீர்மானிக்கவில்லை. கர்த்தரும் உன் கையை இரவல் வாங்கவில்லை. நான்தான் வாங்கினேன், அவர் பெயரைச் சொல்லி. நீ என்மேல் கோபப்பட வேண்டும். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் கோபப்படு. அந்தக் கோபத்தை உன்மேல் வைத்திருக்காதே.

மற்றது, அக்காவைப் பற்றி. நான் அவளைப் பூட்டி வைத்துவிட்டேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவள் என் பொய்யைப் பிரித்துப் பார்த்துவிட்டு, றங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டு, தன் விருப்பத்தில் என்னோடு இருந்திருக்கிறாள். கடவுளின் பெயரால் பொய் சொல்லியும் என்னால் அவளுடைய விருப்பத்தைப் பறிக்க முடியவில்லை. என் பொய்யே பறிக்க முடியாததைப் பொய் சொல்லாத கடவுள் பறிப்பாரா என்று இப்போது யோசிக்கிறேன். அப்படியென்றால் கடல் ஏன் வந்தது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் எழுத்தும் அவள் எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று தெரிந்தன, வாசிக்க முடியவில்லை. திருப்பித் திருப்பித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அவருடைய சித்தமும் எங்கள் விருப்பமும் இப்படித்தான் இருக்குமோ என்னவோ. இதை நான் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க மாட்டேன், உனக்கு மட்டும் சொல்கிறேன். அவள் என் பயத்துக்காக இருந்தாள் என்பது எனக்கு ஆறுதலும் இல்லை. முன்பைவிட இன்னும் அதிகமாக வலிக்கிறது. ஆனால் அது அவளுடைய முடிவு. அதையும் என் பிழைக்குள் அள்ளிப் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

புதிதாக எழுதிய இரண்டு துண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன். பழைய சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நம் வீட்டுச் சட்டப்படி எடுக்காத சீட்டைத் திறக்கக் கூடாது. நீ திற. உன் அக்கா திறந்தாள், கடல் அதற்காக வந்தது என்று நான் நம்பவில்லை, கடவுள் கோபித்ததாகவும் தெரியவில்லை. அவளுடைய எழுத்தை வாசித்துவிட்டுக் கப்பல்காரருக்கு நீயே பதில் எழுது. என்ன எழுதினாய் என்று எனக்குப் பிறகு சொன்னால் போதும்.

நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றால், நீ போகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கடலில் ஒன்பது மாதம் நீ இருப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. இது தேவ சித்தம் இல்லை மகனே, என் பயம். இந்த முறை அதை என் பெயரிலேயே எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். நீ மீறலாம்.

உன் அம்மா